எவர்சில்வர் கிண்ணத்தின் சூடு

மகள் பிறந்ததும், தொடாமலே சூட்டைக் காட்டும் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கினேன். விலை, தூரம், லேசர் என்று ஒரு வாரம் ஒப்பிட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது.

பாறசாலைப் பக்கம், தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுத்த உருக்கெண்ணெயைத் தேய்த்துத்தான் குழந்தையைக் குளிப்பாட்டுவோம். அன்று எண்ணெயைப் புது எவர்சில்வர் கிண்ணத்தில் சூடாக்கினேன். கிண்ணத்தின் வெளிப்பக்கத்தை நோக்கித் தெர்மாமீட்டரை நீட்டிப் பொத்தானை அழுத்தினேன். முப்பத்தாறு.

“சூடு பாகமாட்டு உண்டு, தேய்க்கலாம்” என்றேன்.

“கொஞ்சம் நில்லுங்க” என்று மனைவி எண்ணெயில் விரலை வைத்தாள். “அம்மோ! பொள்ளுதாக்கும்!”

விரல் நுனி கொப்பளித்துவிட்டது. மகள் அவள் மடியில் காலை உதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பளபளக்கும் உலோகம் கண்ணாடி மாதிரி, எதிரில் இருப்பதன் சூட்டையே காட்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. எதிரில் நின்றது நான். எண்ணெய் என்று நினைத்து என்னையே அளந்திருக்கிறேன்.

இப்போது கிண்ணத்தில் கறுப்பு டேப் ஒட்டித்தான் அளக்கிறேன். ஆனாலும் முதல் சொட்டு என் கையில்தான்.