கைக்கொரு ராஜா

கண்ணுச்சாமி மில்லில் ஃபிட்டர். ஞாயிறு மதியமானால் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஆரப்பாளையத்தில் விருமாண்டியின் லாட்ஜுக்குச் செஸ் ஆடப் போய்விடுவார். இருவருக்கும் ஊர் எழுமலைப் பக்கம். விருமாண்டி வீட்டு வயலில்தான் கண்ணுச்சாமியின் அப்பா காலமெல்லாம் கூலிக்கு உழுதார். ஊரில் 'அய்யா' என்று ஒதுங்கி நின்ற கண்ணுச்சாமி, லாட்ஜில் 'அண்ணே' என்று கூப்பிடுவார். விருமாண்டி அதைக் கண்டுகொண்டதில்லை. அந்த மட்டுக்கும் பெரிய மனசுதான்.

ஆட்டத்தில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்களில்லை. ஒன்றுதான் கண்ணுச்சாமியை உறுத்தியது. ஆட்டம் முடிந்தால் விருமாண்டி எல்லோரோடும் கைகுலுக்குவார். இவரோடு ஆடினால் மட்டும் அவசரமாகக் காய்களை அள்ள ஆரம்பித்துவிடுவார். நீட்டிய கையால் கண்ணுச்சாமி தலையைச் சொறிந்துகொள்வார்.

எழுபத்தொன்பதில் லாட்ஜில் நடந்த போட்டியின் கடைசி ஆட்டம் இவர்களுக்குள் வந்தது. அங்கே டிரா கேட்பவர் கையை நீட்ட வேண்டும், சம்மதமென்றால் எதிராளி அதைப் பிடிக்க வேண்டும். ஆளுக்கொரு யானையும் இரண்டிரண்டு சிப்பாயும் மிஞ்சியபோது, இனி யாருக்கும் ஜெயிப்பில்லை என்பது வேடிக்கை பார்த்தவர்களுக்கே தெரிந்தது. இன்றைக்குப் பிடித்துத்தானே ஆக வேண்டும் என்று கண்ணுச்சாமி கையை நீட்டினார்.

விருமாண்டி அந்தக் கையைப் பார்த்தார். ஊரிலிருந்து வந்திருந்த பங்காளிகளைப் பார்த்தார். "ஆடுவோம்" என்றார்.

ஆடினார்கள். சிப்பாய்கள் போயின, யானைகளும் வெட்டுப்பட்டன. கடைசியில் இரண்டு ராஜா மட்டும் நின்றன. இனி யாரும் கேட்கவும் வேண்டாம், பிடிக்கவும் வேண்டாம், டிரா தானாக ஆகிவிட்டது. அதற்காகத்தான் இந்த மனிதர் இவ்வளவு நேரம் வெட்டித் தீர்த்தார் என்று கண்ணுச்சாமிக்கு அப்போதுதான் புரிந்தது. பலகையில் இருந்ததே இரண்டு காய். விருமாண்டி கைக்கொன்றாக எடுத்துக்கொண்டார்.

அதன்பிறகு கண்ணுச்சாமி அந்தப் பக்கம் போகவில்லை. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு விருமாண்டியே மில் வாசலுக்கு ஸ்கூட்டரில் வந்து நின்றார். சரிக்குச் சமமாக ஆட ஆளில்லாமல் பலகை சும்மா கிடக்கிறது என்று குறைப்பட்டார்.

"நமக்குள்ள என்னப்பா பகை? வா, கண்ணு."

ஷிப்ட் விட்டு வரும் கூட்டத்துக்கு நடுவே, கண்ணுச்சாமி மறுபடியும் கையை நீட்டினார். விருமாண்டியின் இரண்டு கையும் ஸ்கூட்டரை இறுகப் பிடித்திருந்தன. கண்ணுச்சாமி சிறிது நேரம் காத்திருந்தார். பிறகு கையை மடக்கிக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நின்றார்.

"போயிட்டு வாங்கய்யா" என்றார்.