முதல் குலவை யாருடையது

ஒரு சாவுக்குக் குலவை போட்ட வாய் இது. இதே வாயால்தான் இன்று உங்கள் முன்னால் கர்த்தரைத் துதிக்கிறேன். முகம் சுளிக்காமல் கடைசிவரை கேளுங்கள்.

போன புரட்டாசி, மன்னார்குடிப் பக்கம் சம்பா நடவு. எங்கள் நடவு செட்டில் ஏழு பெண்கள். ஒரு வயல் நட்டு முடிந்தால் குலவை போட்டுத்தான் கரையேறுவோம். நான் சபைக்காரி என்றாலும் போடுவேன், அது எங்கள் வேலையோடு வந்த வழக்கம். எப்போதும் செல்விதான் முதலில் குரல் எடுப்பாள், மற்றவர்கள் சேர்ந்துகொள்வோம். அன்று கடைசி நாற்று முடியை எடுக்க வயல் மூலைக்குப் போனாள். வரப்பு வழுக்கியது. ஏறுவதற்காக, மின்கம்பத்தை இழுத்துக் கட்டியிருந்த கம்பியைப் பிடித்தாள். அதில் கரண்ட் பாய்ந்திருந்தது.

நீளமாக ஒரு சத்தம். நாங்கள் குனிந்து நட்டுக்கொண்டிருந்தோம். செல்வி குலவை எடுத்துவிட்டாள் என்று நினைத்து நாங்களும் போட்டோம். சிரித்துக்கொண்டே போட்டோம். ஐயோ! நிமிர்ந்து பார்த்தால் வரப்பில் கிடக்கிறாள், கை கம்பியை விடவில்லை. கரண்டை நிறுத்தி அவளைத் தூக்குவதற்குள் உயிர் போய்விட்டது.

விசாரிக்க வந்தவர்களிடம் ஆறு பேரும், “சத்தமே கேக்கலைங்க” என்றோம். யாரும் பேசிவைக்கவில்லை. தானாக வாயில் வந்தது.

அதன்பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. செல்வியின் சத்தத்துக்கு முதலில் குலவை போட்டது நான்தான், என் குரலைக் கேட்டுத்தான் மற்றவர்களும் போட்டார்கள் என்று நிச்சயமாக நம்பினேன். அதைத் தாங்க முடியாமல் நான் செய்த அநியாயத்தைக் கேளுங்கள். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் ஒருத்தி துருவித் துருவிக் கேட்டாள். “தனம்தான் மொதல்ல போட்டா” என்று சொல்லிவிட்டேன். தனம் எங்கள் செட்டில் ஒருத்தி. செல்வியின் கூடப்பிறந்த அக்காள்.

ஒரே வாரத்தில் ஊர் முழுக்கப் பரவிற்று. பதினாறாம் நாள் கருமாதியில் செல்வியின் மாமியார் தனத்தை வாசலிலேயே மறித்தார். “தங்கச்சி துடிக்கிறப்ப குலவை போட்டவ நீ. போ வெளியே!” நானும் அங்கேதான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

தினமும் முழங்காலில் நின்றேன். “ஆண்டவரே, அந்தச் சத்தத்தை என் காதிலிருந்து எடும், இல்லாவிட்டால் என்னை எடும்” என்று கேட்டேன். சத்தம் போகவில்லை. “நீர் என்ன செவிடா?” என்றுகூடக் கத்தினேன்.

கடைசியில் தூக்க மாத்திரை கேட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். நர்சம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “உங்க செட்டுலேருந்து இதே மாத்திரை கேட்டு வர்ற நாலாவது ஆளு நீங்க. உங்களுக்குள்ள பேசிக்கிறதே இல்லையா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவரே ஆறு பேரையும் அங்கன்வாடிக் கட்டடத்துக்கு வரவழைத்தார். நான்கு வெள்ளிக்கிழமைகள். எங்கே நின்றாய், என்ன கேட்டாய், என்ன செய்தாய், அதை மட்டும் சொல்ல வேண்டும். அடுத்தவளைப் பற்றிப் பேசக் கூடாது. பேசப் பிடிக்காதவள் சும்மா உட்கார்ந்திருக்கலாம். முதல் இரண்டு வாரமும் அழுகையும் மூக்குச் சிந்தலும்தான். மூன்றாம் வாரம் பாக்கியம் வாயைத் திறந்தாள்.

“மொதல்ல கொலவ போட்டது நான்தான்.”

“இல்லடி, நான்தான்” என்று வெடுக்கென்று சொன்னாள் அடுத்தவள். இன்னொருத்தியும் அதையே சொன்னாள். இப்படி என்னையும் சேர்த்து ஐந்து பேர்! எல்லோருமே முதல் ஆளாக இருக்க முடியுமா? அத்தனை நாளும் ஒரே பாரத்தை ஆளுக்கு ஆள் தனியாகச் சுமந்திருக்கிறோம்.

தனம் மட்டும் மிச்சம். “நான் போடவே இல்ல. வாய் நெறைய வெத்தல, எப்புடிப் போடுறது? ஆனா ஊரே சொல்லவும், போட்டுருப்பேனோன்னு நானே நம்பிட்டேன்” என்றாள்.

அதற்குமேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. “ஊரு சொல்லல தனம். நான்தான் கெளப்பிவிட்டேன்.”

பளாரென்று ஓர் அறை. காது அடைத்துக்கொண்டது. நர்சம்மா குறுக்கே பாய்ந்தார். தனம் என் தலைமயிரை விடவில்லை. “எந் தங்கச்சி கருமாதியில என்னைய நிக்க விடாமப் பண்ணிட்டியேடி, பாவி!” என்று கதறினாள். நானும் கதறினேன். அன்று வீட்டுக்கு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

மறுநாள் செல்வியின் மாமியார் வீட்டு வாசலில் நின்று உண்மையைச் சொன்னேன். என்மேல் காறித் துப்பினார். துடைத்துக்கொண்டேன். துப்ப வேண்டியதுதானே? பிறகு அவரே போய்த் தனத்தை வீட்டுக்கு அழைத்து வந்தார்.

கர்த்தர் அந்தச் சத்தத்தை எடுக்கவில்லை, இன்னும் கேட்கிறது. உடனே நிமிர்ந்திருந்தால் செல்வி பிழைத்திருப்பாளா என்று நர்சம்மாவிடம் கேட்டோம். தெரியாது என்றார். அதுவும் அப்படியேதான் கிடக்கிறது. நான் கர்த்தரிடம் கேட்டது ஒன்று, அவர் கொடுத்தது வேறொன்று. என்னை உண்மை பேச வைத்தார். மாத்திரை இல்லாமல் தூங்குகிறேன், ஸ்தோத்திரம். தனம் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனாலும் நடவில் என் பக்கத்தில்தான் நிற்கிறாள். ஆறு பேரும் சம்மதித்துத்தான் இதை உங்களிடம் சொல்கிறேன்.

உங்களில் யாராவது கண்ணால் பார்த்த கொடுமையைப் பூட்டி வைத்துக்கொண்டு தனியாக மன்றாடுகிறீர்களா? ஜெபத்தை நிறுத்தாதீர்கள். ஆனால் எழுந்து, அன்று உங்களோடு நின்றவர்களைத் தேடிப் போங்கள். சேர்ந்து உட்கார்ந்து சொல்லுங்கள். அறை விழலாம். விழட்டும், போங்கள்.