துன்னியா என்று கேட்ட பேக்கேஜ்

அம்மா போன பிறகு மானாம்பதி வீட்டில் நான் ஒருவன்தான். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதுகிறேன். டீக்கடையில் இதை வேலை என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை. "வூட்லயே குந்திக்கினு இன்னா வேல?" என்பார்கள். பதில் சொல்லி மாளாது என்று விட்டுவிட்டேன்.

என்னோடு வேலை பார்த்த நண்பன் ஒருவன், ஏனாத்தூர்க்காரன், எங்கள் குழுவுக்காக ஒரு சின்ன பேக்கேஜ் செய்திருந்தான். நாங்கள் எழுதிய நிரல் சரியாக ஓடுகிறதா என்று அது சோதித்துச் சொல்லும். சோதனை முடிந்ததும் திரையில் கடைசி வரியாக "இன்னாபா, துன்னியா?" என்று வரும்படி வைத்திருந்தான். அவன் வேறு கம்பெனிக்குப் போனதும், புதிதாக வந்த மேனேஜர் அந்த வரியை எடுத்துவிட்டுப் புதிய பதிப்பு போடச் சொன்னார். பழையதைச் சர்வரிலிருந்தும் தூக்கிவிட்டார்கள். நான் மட்டும் என் லேப்டாப்பில் பழையதையே ஓட்டிக்கொண்டிருந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நாள் முழுக்க என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டது அது ஒன்றுதான். "இதோ ஆவுதுடா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு எழுந்துபோய் உலை வைத்த நாள்கள் உண்டு.

போன மாதம் லேப்டாப்பில் இடம் தீர்ந்துவிட்டது. இறக்கிய பேக்கேஜ்கள் எல்லாம் சேர்ந்து கிடக்கும் கேஷைக் காலி செய்ய ஒரு கருவியை ஓட்டினேன். பயன்பாட்டில் இருப்பதைத் தொடாது என்று அதன் குறிப்பில் போட்டிருந்தது. களையெடுக்கச் சொன்னால் பயிரையும் சேர்த்துப் பிடுங்கிப் போட்டது அந்தப் பாழாய்ப்போன கருவி. புதிய பதிப்பு வந்துவிட்டால் பழையது குப்பை, அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மதியம் சோதனையை ஓட்டியபோது பேக்கேஜைக் காணவில்லை என்று வந்தது. வேறு வழியில்லாமல் புதியதை இறக்கினேன். "சோதனை முடிந்தது" என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டது. வேலைக்கு ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

அந்த ஒரு வரியை நானே எழுதிச் சேர்த்திருக்கலாம். நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு இன்னும் போகவில்லை. பழைய பிரதி அவனிடம் இருக்குமா என்று நண்பனுக்கே போன் செய்தேன்.

"அப்டியா போட்டு வெச்சிருந்தேன்? நாபகமே இல்லியேபா," என்று சிரித்தான். "இப்ப இன்னாத்துக்கு அது உனுக்கு?"

"சும்மாதான்," என்றேன்.

புது ஆபீஸ், வாடகை வீடு, மகளின் பள்ளிக்கூடம் என்று நிறையப் பேசினான். பிரியமாகத்தான் பேசினான். போனை வைக்கும்வரை, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்கவில்லை.