தண்ணீர் இறங்கிய காலை

இரத்த அழுத்தம் பார்க்க டாக்டர் பாதரசத்தை மேலேற்றினார். எனக்கு ரங்கூனில் நாங்கள் இருந்த மூன்றாம் மாடி நினைவுக்கு வந்தது. அப்போது எனக்கு எட்டு வயது.

துறைமுக அலுவலகத்தில் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் பாரமானியைத் துடைத்து வைப்பது அப்பாவின் வேலை. புயலுக்கு முன் அதில் பாதரசம் இறங்குவதைப் பார்த்துப் பார்த்து, வீட்டிலும் ஒன்று செய்ய ஆசைப்பட்டார். பாதரசம் வாங்க வசதியில்லை. தண்ணீரை வைத்துச் செய்தார். தண்ணீர் பாதரசத்தைவிட மிகவும் லேசானது. அதனால் பாதரசத்துக்குப் போதுமான முப்பது அங்குலக் குழாய் இதற்குப் போதாமல், மாடிப்படி ஓரமாக முப்பத்துநான்கு அடிக்கு ஈயக்குழாய் ஏற்றி, தண்ணீர் மட்டம் தெரிய உச்சியில் கண்ணாடிக் குழாய் பொருத்தினார். பாதரசம் ஓர் அங்குலம் இறங்கினால் எங்கள் தண்ணீர் ஓரடிக்கு மேல் இறங்கும். கடும் வெயிலிலும் உள்ளே ஆவி சேர்ந்து கொஞ்சம் இறங்கிவிடும்.

ஒரு நாள் காலையில் தண்ணீர் மளமளவென்று இறங்கியது. ஆற்றுக்கு அக்கரையில் டாலாவிலிருந்த அரிசி ஆலைக்குச் சம்பான் படகில் போய்வரும் என் தாய்மாமன் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"மாப்ள, இன்னிக்கு ஆத்தைத் தாண்டாத" என்றார் அப்பா.

"முந்தாநாள் வெயிலுக்கும்தானே எறங்குச்சு, மச்சான்?" சிரித்துக்கொண்டே மாமா படியிறங்கினார்.

மதியம் புயல் வந்தது. மாமா திரும்பவில்லை.

மூன்றாம் நாள் அப்பா குழாயை அறுத்தார். அழுது ஓய்ந்திருந்த அம்மா எழுந்து வந்தாள்.

"அது உள்ளதைத்தானே சொல்லுச்சு? அதை ஏன் அறுக்கிறீங்க?"

"அது சொல்லுச்சு. கையைப் பிடிச்சு நிறுத்தாம நான்தானே விட்டேன்" என்றார் அப்பா.