லோரி டிரைவர் ராமலிங்கம் துப்போன்

மலாக்காவில் வெள்ளைக்காரர் ஆட்சியின் அவசரகாலத்தில், மஸ்ஜித் தானா பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நான் கிராணி, ஆபீஸ் எழுத்து வேலை. ஒருநாள் காலை பத்து மணி இருக்கும், ஆபீஸ் போன் அடித்தது. தஞ்சோங் கிளிங் போலீஸ் ரோட் பிளாக்கில் எங்கள் லோரியை மறித்து, டிரைவர் ராமலிங்கத்தை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். காரணம் கேட்டேன். அந்த ஆளுக்கு இரண்டு அப்பா என்றார்கள்.

அதில் ஓர் அப்பாவைக் கொடுத்தவன் நான்.

அடையாளக் கார்டுக்கு ஆள் பதிந்தபோது தோட்டத்துப் படிவங்களை எல்லாம் நான்தான் நிரப்பினேன். வரிசை ஸ்டோர் வரை நின்றது. நம் ஆட்களின் பெயரோடு ஒட்டி வருவது அப்பா பெயர்தான், அதற்கு மேல் விசாரிக்க என்ன இருக்கிறது என்பது என் நினைப்பு. அவர் “ராமலிங்கம் துப்போன்” என்றார். ராமலிங்கம், தகப்பன் பெயர் துப்போன் என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். விசித்திரமான பெயராக இருக்கிறதே என்று தோன்றாமல் இல்லை. காரைக்கால் குடும்பம், சைகோனில் வளர்ந்தவர், இரண்டும் பிரெஞ்சுக்காரன் ஊர், அங்கெல்லாம் அப்படித்தான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அவர் சட்டைப்பையில் சைகோன் பிறப்புப் பத்திரம் எப்போதும் இருக்கும். அது பிரெஞ்சுதான், ஆனால் தகப்பன் பெயர் சோமசுந்தரம் என்பது எழுத்துக் கூட்டினாலே தெரியும். காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடக்கிற காலத்தில் இரண்டு காகிதம், இரண்டு அப்பா என்றால் கள்ளக் கார்டு என்றுதான் போலீஸ் நினைக்கும். உள்ளே போடுவார்கள், இல்லாவிட்டால் கப்பலேற்றி விடுவார்கள். ராமலிங்கத்தின் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தார்கள்.

தப்பு என்னுடையது என்று தோட்டத்து மேனேஜர் துரையிடம் போய்ச் சொன்னேன். சொல்வதற்கு முன் ஆபீஸை இரண்டு சுற்று சுற்றினேன் என்பதையும் மறைக்கவில்லை, வேலை போய்விடுமோ என்ற பயம். துரை திட்டியதை இங்கே எழுத முடியாது. திட்டி முடித்து, என்னையும் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் காரை எடுத்தார்.

இன்ஸ்பெக்டர் என்னையும் கூட்டாளியைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தார். ராமலிங்கம் இன்னொரு பழைய பத்திரத்தை எடுத்து நீட்டினார். பிரெஞ்சு. ஸ்டேஷனில் யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. துரை போய் டவுன் கான்வென்ட்டிலிருந்து ஒரு வயதான பிரெஞ்சு சிஸ்டரை அழைத்து வந்தார்.

சிஸ்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிதானமாகப் படித்து எங்களுக்கு விளக்கினார். இவருடைய தாத்தா காரைக்கால் பதிவு அதிகாரி முன்னால் சாதி வழக்கங்களை விட்டுப் பிரெஞ்சுச் சட்டத்துக்கு வந்தவர். அப்படி வருகிறவர்கள் ஒரு குடும்பப் பெயர் எடுத்துக்கொள்வார்கள், அது வம்சம் முழுவதற்கும் போகும். துப்போன் என்றால் பாலத்தடிக்காரர் என்று அர்த்தமாம். தாத்தா வீடு ஆற்றுப் பாலத்தடியில்தான் என்றார் ராமலிங்கம். மகன் சோமசுந்தரம் பிரெஞ்சு சர்க்கார் வேலைக்குப் போனபோது அந்தப் பெயரைச் சைகோனுக்குக் கொண்டுபோனார், பேரன் மலாக்காவுக்குக் கொண்டுவந்தார். தான் பிறந்த பிரெஞ்சுக் கிராமத்தில் ஆறேழு துப்போன் வீடுகள் உண்டு, ஆனால் ராமலிங்கத்துக்கு இருப்பதுபோல் இவ்வளவு நல்ல மீசை ஒருவருக்கும் கிடையாது என்று சிஸ்டர் சொன்னதும் இன்ஸ்பெக்டரே சிரித்துவிட்டார்.

அங்கேயே புதுப் படிவம் எழுதச் சொன்னார். தகப்பன் பெயர் சோமசுந்தரம், குடும்பப் பெயர் துப்போன் என்று எழுதினேன். ராமலிங்கத்தை விட்டுவிட்டார்கள்.

திரும்பும்போது லோரியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்டேன்.

“கிராணி சார், அந்தப் பேர எடுத்தன்னைக்கே சொந்தக்காரங்க பாதிப் பேரு எங்க தாத்தா வீட்டுல கை நனைக்கிறத நிறுத்திட்டாங்க. சாதி வேணாம்னு அவ்வளவு பட்டாரு. நீங்க ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் லா.”

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது, அது அவருக்குத் தெரியாது. தோட்டத்து ஆள் பதிவேட்டில் சாதி என்று ஒரு கட்டம் உண்டு. அவர் வேலைக்குச் சேர்ந்த அன்று, முகத்தைப் பார்த்து நானாகவே ஒன்றை எழுதி வைத்திருந்தேன்.

லோரியை விட்டு இறங்கியதும் அவரை ஆபீசுக்குள் கூட்டிப் போய்ப் பதிவேட்டை விரித்துக் காட்டினேன். இதை அடித்துவிடட்டுமா என்று கேட்டேன். அவர் தலையாட்டிய பிறகுதான் பேனாவைத் திறந்தேன்.