ரோஜாப்பூ எழுதிய நாற்பது ரசீதுகள்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நாற்பத்தொரு பாகம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஒரு கதையை நான் தனியாளாக நின்று நிறுத்தியிருக்கிறேன். எழுதி நிறுத்துகிறவர்கள் நாட்டில் நிறையப் பேர் உண்டு. நான் படித்தே நிறுத்தினேன். அதுவும் எனக்கு உயிரான கதை. பிடிக்காத கதையாக இருந்திருந்தாலாவது, ஏதோ நம்மால் ஆன பொதுச்சேவை என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.

நாமக்கல்லில் ஒரு லாரி ஆபீசில் எனக்கு வேலை. வேலை என்றால் போன் பேசுவது. எங்கள் வண்டிகள் பூனாவுக்கும் நாக்பூருக்கும் போய்க்கொண்டிருக்கும். நான் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு டிரைவர்களைக் கூப்பிட்டு, "வண்டி எங்க நிக்குது?" என்று கேட்டுக்கொண்டிருப்பேன். ஓடிக்கொண்டிருக்கிற வண்டியையும் எங்கே நிற்கிறது என்றுதான் கேட்பேன். இருபது வருடமாக இந்த ஒரு கேள்விதான் எனக்குச் சோறு போடுகிறது. வண்டி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. எங்கள் தொழிலில் பாராட்டு என்றால் போன் வராமல் இருப்பதுதான்.

என் மனைவி ஒரு டிவி சீரியல் பார்த்து வந்தாள். அதில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு பெண். அவளைப் பார்ப்பதற்காகவே, இல்லாத தலைவலிக்கு மாத்திரை வாங்கப் போகும் ஒரு மாட்டு டாக்டர். அவர் மனதைத் திறந்து சொல்லப்போகிற வாரம் பார்த்து அந்த நடிகை விலகிவிட்டார். 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று எழுத்துப் போட்டு வேறொரு பெண்ணைக் கல்லாவில் உட்கார வைத்தார்கள். டாக்டர் ஒரு வித்தியாசமும் தெரியாத மாதிரி வந்து மாத்திரை கேட்டார்.

"மாட்டுக்குக்கூட ஆளு மாறுனாத் தெரியும்ங்க, இவனுக்குத் தெரியலையே" என்று சொல்லி, என் மனைவி ரிமோட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

பிறகுதான் போனில் ஒரு செயலியைக் கண்டுபிடித்தாள். அங்கே அந்தச் சீரியலின் ரசிகை ஒருவர், பழைய பெண்ணையே வைத்து, கதையைத் தன் இஷ்டத்துக்குத் தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தார். இதற்காக யாரும் அவருக்குப் பத்துப் பைசா தருவதில்லை. படித்தவர்கள் கீழே எழுதிவிட்டுப் போகும் நாலு வார்த்தைதான் அவருக்குக் கிடைப்பது. என் மனைவி காலையில் இட்லித் தட்டோடு உட்கார்ந்து எனக்கும் சத்தமாகப் படித்துக் காட்டுவாள். "வேற பொழப்பில்லை" என்று சிரித்துவிட்டு ஆபீசுக்குப் போவேன். ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் அடுத்த பாகத்தில் என்ன ஆகும் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

எனவே நானும் திருட்டுத்தனமாக ஒரு கணக்குத் தொடங்கினேன். படம் கேட்டது. மீசை வைத்த ஆள் காதல் கதை படிக்கிறான் என்று நாலு டிரைவருக்குத் தெரிந்தால் மானம் போய்விடுமே என்று ஒரு ரோஜாப்பூவைப் போட்டேன். பெயர் கேட்டது. அவசரத்துக்கு எங்கள் லாரி ஒன்றின் நம்பரைப் போட்டேன். அங்கே எல்லோரும் எல்லோருக்கும் 'சிஸ்'தான், அதாவது சிஸ்டர். அன்றிலிருந்து நானும் ஒரு சிஸ் ஆனேன். மறுத்துச் சொல்ல மனம் வரவில்லை. அத்தனை மரியாதையாக என்னை யாரும் கூப்பிட்டதில்லை.

அந்த இடத்துக்கென்று ஒரு முறை உண்டு. அடுத்த பாகத்துக்கு அங்கே 'யூடி' என்று பெயர். யூடி வந்தால் முதலில் வந்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அழுதேன் என்றோ, சிரித்தேன் என்றோ, அந்த டாக்டரின் அம்மாவை ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது என்றோ சொல்லலாம். அதற்குப் பிறகுதான் அடுத்தது எப்போது என்று மெல்லக் கேட்கலாம். கல்யாண வீட்டில் சாப்பிட்டு எழுந்தவன் மணமக்களைப் பார்க்காமல் வாசலில் நின்று "வளைகாப்பு எப்பங்க?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? நான் ஒவ்வொரு யூடிக்கும் அப்படித்தான் கேட்டேன்.

மருந்துக்கடைப் பெண்ணின் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த பாகத்தில் அறுபது பேர் வரிசையாக அழுதிருந்தார்கள். அந்த அழுகைக்கு நடுவே ஒரு ரோஜாப்பூ: "அடுத்தது கிளம்பியாச்சா?"

எழுதுகிறவர் ஆரம்பத்தில் சிரிக்கும் பொம்மை போட்டு "நாளை மறுநாள் சிஸ்" என்று பதில் தருவார். பிறகு பொம்மை நின்றது. பிறகு பதிலும் நின்றது. டிரைவர் பதில் சொல்லாவிட்டால் மணிக்கு ஒரு தரம் கூப்பிடுவதுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம். நாற்பத்தொன்றாம் பாகம் மருந்துக்கடை வாசலில் முடிந்தது. அவள் ஷட்டரை இறக்கிக்கொண்டிருக்கிறாள். டாக்டர் பக்கத்தில் வந்து நின்று, "நான் வந்து..." என்கிறார். தொடரும். எந்த மனுஷனால் தாங்க முடியும்? இரண்டு நாளில் பதினொரு தடவை கேட்டேன்: "கதை எங்க நிக்குது?"

மூன்றாம் நாள் காலை என் மனைவி இட்லித் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன ஆச்சு?" என்றேன்.

வாசித்தாள். "நாற்பத்தொன்றாம் பாகத்தைக் காய்ச்சலோடு எழுதினேன். எப்படி இருந்தது என்று சொல்லாமல், எங்கே நிற்கிறது என்று மட்டும் ஒருவர் பதினொரு தடவை கேட்டிருக்கிறார். கதை இங்கேதான் நிற்கிறது. இனி நகராது."

என் தொண்டையில் இட்லியும் நகரவில்லை.

"எவளோ ஒருத்திங்க" என்றாள். "ரோசாப்பூப் படம் வெச்சிருக்கறா. அவளுக்கு ஊட்டுல சோலியே இல்லையாட்ட இருக்குது. இவளைக் கட்டுனவன் பாவம்."

"என்ன அவசரமோ அவங்களுக்கு" என்றேன்.

"என்ன அவசரம்? பிரசவ வலியா? பேருக்குப் பதிலா ஏதோ நம்பரைப் போட்டிருக்கறா பாருங்க. எங்கியோ பார்த்த நம்பராட்டத் தெரியுது..."

தலையை நிமிர்த்தினாள். எதிர்ச் சுவரில் எங்கள் ஆபீஸ் காலண்டர். அதில் ஆயுத பூஜைக்கு வாழைக்கன்று கட்டி, சந்தனம் பூசி, மாலை போட்ட லாரி. லாரிக்குப் பக்கத்தில் இளித்துக்கொண்டு நான். லாரியின் முகப்பில், ஊருக்கே தெரிகிற மாதிரி நம்பர் பலகை. அவள் போனைப் பார்த்தாள். காலண்டரைப் பார்த்தாள். எழுந்து போய்ப் போனைக் காலண்டரோடு ஒட்டிவைத்து, ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் பார்த்தாள்.

"ஏனுங்க."

"ம்."

"அந்த ரோசாப்பூவு இட்லி தின்னுட்டு இருக்குதாட்டங்க."

அடுத்த கால் மணி நேரம் அவள் சொன்னதையெல்லாம் எழுத முடியாது. கடைசியாகச் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். "அந்தப் புள்ளைகிட்ட அவன் சொன்னானா இல்லையான்னு எனக்குத் தெரியோணும். சீரியல்லதான் பாழாப் போச்சு, இங்கயும் பாழாக்கிட்டீங்க. நிறுத்துனது நீங்க. நீங்களே கிளப்பி உடுங்க."

ஆபீசுக்குப் போனேன். கை பழக்கதோஷத்தில் நாக்பூர் போகும் டிரைவரைக் கூப்பிட்டது.

"வண்டி எங்க..."

"ஓரங்கட்டிட்டுத்தானுங்க பேசறேன்" என்றார் அவர். "நீங்க கேக்கறப்பல்லாம் ஓரங்கட்டி, பதில் சொல்லி, மறுபடி எடுக்கோணும். நீங்க கூப்புடாம இருங்க, அரை நாளு முன்னாடியே எறக்கிப் போடறேன்."

எனக்குச் சுருக்கென்றது. மாட்டு டாக்டரைப் போல வாயைத் திறந்து, "அண்ணா... நீங்க வண்டி நல்லா ஓட்டறீங்க" என்றேன்.

அந்தப் பக்கம் இன்ஜினை அணைக்கிற சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, "என்னங்க, என்னைய வேலைய உட்டு நிறுத்தறீங்களா?" என்று கேட்டார்.

இதுதான் எங்கள் நிலைமை. சாயங்காலம் மன்னிப்புக் கேட்க உட்கார்ந்து, 'அருமை சிஸ்' என்று எழுதி மனைவியிடம் காட்டினேன்.

"இது கதையப் படிக்காதவன்கூடப் போடுவானுங்க. எந்த எடம் புடிச்சுதோ அதைச் சொல்லுங்க."

"புடிச்சுதுன்னு எழுத வெக்கமா இருக்குது புள்ள."

"பதினோரு தடவ கேக்கறதுக்கு இல்லாத வெக்கம் இப்ப எங்கிருந்துங்க வந்துச்சு?"

யோசித்துப் பார்த்ததில், எங்கள் தொழிலிலும் ஒரே ஒரு நல்ல வார்த்தை உண்டு என்று ஞாபகம் வந்தது. சரக்கு இறங்கியதும், வாங்கிக்கொண்டவர் லாரி ரசீதில் 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டோம், சேதாரம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவார். டிரைவர் அந்தத் தாளை நெஞ்சோடு வைத்து ஊருக்குக் கொண்டுவருவார். அது எனக்கு எழுத வரும். எழுதினேன்:

"பாகம் 3: டாக்டர் தலைவலி மாத்திரை வாங்கி ஆட்டுக்குட்டிக்குக் கொடுக்கப் பார்த்தது. பெற்றுக்கொண்டேன். ஆபீசில் தனியாகச் சிரித்ததில் முதலாளி ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பாகம் 9: மழைக்கு ஒதுங்கியவருக்கு அவள் கடையில் இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டது. பெற்றுக்கொண்டேன். நான் ஒரு தடவை அப்படி நின்றிருக்கிறேன், யாரும் போடவில்லை.

பாகம் 27: அப்பாவின் மருந்துச் சீட்டை அவளே வாங்கிப் படிக்கிற இடம். பெற்றுக்கொண்டேன். சரக்குக்குச் சேதாரம் இல்லை. எனக்குத்தான்."

இப்படியே நாற்பத்தொன்று வரை போனேன். ஒன்றைத் தவிர. பதினெட்டாம் பாகம் முழுக்க அந்தப் பெண் தன் இறந்துபோன அம்மாவுக்கு எழுதும் கடிதம். நீளமான கடிதம். டாக்டர் தலைகூடக் காட்டமாட்டார். அன்று அதைக் கட்டைவிரலால் மேலே தள்ளிவிட்டு நேராக "அடுத்தது கிளம்பியாச்சா" என்று கேட்டிருந்தேன். படிக்காததைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடத் தொழில் தர்மம் இடம் கொடுக்கவில்லை. உட்கார்ந்து படிக்கச் சோம்பேறித்தனம் இடம் கொடுக்கவில்லை. பதினேழுக்கு அடுத்துப் பத்தொன்பது என்று நைசாகப் போட்டுவிட்டேன். இத்தனை நீளத்தில் யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள்? என் மனைவியே கவனிக்கவில்லை. கடைசியில் ஒரு குறிப்பு: "தாமதத்துக்கு வண்டியும் டிரைவரும் காரணம் அல்ல. ஆபீசில் உட்கார்ந்து போன் செய்தவனே காரணம். மன்னிக்கவும். இப்படிக்கு, ரோஜாப்பூ. மீசை உண்டு."

பதில் வரவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எத்தனை பெரிய உடல் உழைப்பு என்பது அந்த மூன்று நாளில்தான் தெரிந்தது. விரல் ஊறும்போதெல்லாம் போனை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிச் சாவியைக் கேஷியரிடம் கொடுத்தேன். அந்த வாரம் எங்கள் வண்டிகள் எல்லாம் நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தன. எதனால் என்று முதலாளிக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்தால் என் வேலை போய்விடும்.

நாலாம் நாள் காலை சமையற்கட்டிலிருந்து ஒரு கூச்சல். கரண்டியோடு ஓடிவந்தாள். நாற்பத்திரண்டாம் பாகம் வந்துவிட்டது! கரண்டியிலிருந்து சாம்பார் சொட்டச் சொட்ட நின்றபடியே படித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டாக்டர் சொன்னாரா இல்லையா என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை. நீங்களே போய்ப் படித்துவிட்டு, கீழே நாலு வார்த்தை எழுதிவிட்டு வாருங்கள்.

எழுதியவர் எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் போட்டிருந்தார். என் மனைவிக்கே ஐந்து வரியும் இரண்டு பொம்மையும் கிடைத்தன. என் நாற்பது ரசீதுக்கும் கீழே ஒரே ஒரு வரிதான் இருந்தது:

"பதினெட்டு எங்க நிக்குதுங்க?"