நல்லவாட்டிலிருந்து பிள்ளைச்சாவடிக்கு மூணு நாள்

நல்லவாட்டுக் கடற்கரையில் வண்டியை எடுத்தால் பிள்ளைச்சாவடிக்கு ஒரு மணி நேரம். நடுவில் எங்காவது டீக்கடையில் நின்றால் இன்னும் கால் மணி கூடும், அவ்வளவுதான். அந்தத் தூரத்தைப் படகில், மூணு நாள் எடுத்துக்கொண்டு, ஆற அமரப் போய் வரப்போகிறோம் என்று மெக்கானிக் வீரப்பனும் அவர் மனைவி அம்சவள்ளியும் சொன்னால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? அவர்கள் ஊரான பண்டசோழநல்லூரே சிரித்தது. மீன் பிடிக்கவா என்றார்கள், இல்லை. வேண்டுதலா என்றார்கள், அதுவும் இல்லை. சும்மா. சும்மா போகிறதுக்கு எதற்கய்யா கடல் என்றார்கள். பொங்கல் முடிந்த கையோடு இந்தப் படகுப் பயணத்தைக் கேட்டது அம்சவள்ளிதான். முப்பத்திநாலு வருஷத்தில் ஒரு நாள் என்னை உட்கார வைத்து எங்கேயாவது கூட்டிப்போயிருக்கியா என்று கேட்டாள். வில்லியனூர் தேருக்குக் கூட்டிப்போனேனே என்று வாயெடுத்தவர், அங்கேயும் யாரோ ஒருத்தருடைய பவர் டில்லரைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தது ஞாபகம் வந்து, சரி போகலாம் என்று சொல்லிவிட்டார்.

சட்டென்று ஒத்துக்கொண்டாரே என்று அவளுக்கே ஆச்சரியம். அவருக்கு அதில் ஒரு ரகசியக் கணக்கு இருந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் வீரப்பனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

வீரப்பனுடைய அப்பா கூலிக்காரர். பக்கத்து ஊர் நெட்டப்பாக்கத்துச் சிங்காரவேலுவின் அப்பா வைத்திருந்த நிலத்தில் காலம் பூராவும் சேறு மிதித்தவர். அந்த நிலத்துக்கு முதல்முதலாக ஆயில் இன்ஜின் வந்தபோது, அதைக் காவல் காக்க வீரப்பனை உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தவர் சும்மா உட்காரவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார். தண்ணி இழுக்கும்போது ஒரு சத்தம், இழுக்காதபோது ஒரு சத்தம், டீசல் தீரப்போகும்போது இன்னொரு சத்தம். பின்னாளில் பெரிய மெக்கானிக் ஆனபிறகும் அவர் எந்த இன்ஜினையும் எடுத்தவுடன் பிரிக்க மாட்டார். ஓட விடச் சொல்லி, பத்தடி தள்ளிக் குந்திக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்பார். ஒரு பீடி எரிந்து முடிவதற்குள் எந்த போல்ட்டைக் கழற்றணும் என்று சொல்லிவிடுவார். அவருடைய படிப்பு, சொத்து எல்லாம் அந்தக் காதுதான். அப்பாவை டேய் என்று கூப்பிட்ட வீடுகளிலிருந்து பிள்ளைகள் வந்து அவர் வாசலில் நின்று அண்ணே என்று கூப்பிட்டார்கள். செல்போன் வந்தபிறகு இன்னும் வசதி. வயலில் நின்றபடியே போனை இன்ஜின் பக்கம் நீட்டுவார்கள், இவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே வைத்தியம் சொல்வார்.

ரெண்டு வருஷமாக அந்தக் காது போய்க்கொண்டிருந்தது.

முதலில் குக்கர் விசில் போனது. அப்புறம் போன் மணி, அதைச் சட்டைப்பையில் நடுங்க வைத்துச் சமாளித்தார். அந்த வருஷ ஆடியிலேயே ஒரு கரும்புத் தோட்டத்தில் இன்ஜின் நன்றாகத்தான் ஓடுகிறது என்று சொல்லிவிட்டு வந்தார், மறுநாளே அது இறுகிப்போனது. கலப்பட ஆயில் என்று சொல்லித் தப்பித்தார். அன்றைக்கு ராத்திரி பூராவும் பயந்தார் மனுஷன். காது போன மெக்கானிக்கை யார் அண்ணே என்று கூப்பிடப்போகிறார்கள்? விஷயம் வெளியே தெரிந்தால் தன் கதை முடிந்தது என்று நினைத்தார்.

அதற்கு அவர் கண்டுபிடித்த வழி இருக்கிறதே, அதில் அவருக்கே ஒரு பெருமை. போன் வந்தால் ஸ்பீக்கரைப் போட்டு அம்சவள்ளி பக்கம் வைத்துவிடுவார். "அம்சு, நீ சொல்லு பாப்போம். இத்தனை வருஷமா இன்ஜின்காரன் பொண்டாட்டி, ஏதாவது கத்துக்கினியா பாக்கறேன்" என்று பரீட்சை வைப்பது மாதிரி கேட்பார். அவளும் இருமுது, இழுக்குது, நடுநடுவுல ஒண்ணு தாவுது என்று சத்தமாகச் சொல்லுவாள். அதை வைத்து இவர் நோயைக் கண்டுபிடிப்பார். போன் செய்கிறவர்களும் முதல் காரியமாக, "அண்ணி பக்கத்துல இருக்காங்களா?" என்று விசாரிப்பதாக அவள் சொல்லுவாள். மரியாதை தெரிந்த பசங்க, வீட்டுப் பொம்பளையைக் கேட்காமல் பேச்சை ஆரம்பிக்க மாட்டேன் என்கிறார்களே என்று வீரப்பனுக்குப் பூரிப்பு.

இப்போது அந்த ரகசியக் கணக்குக்கு வரலாம். படகில் இன்ஜின் ஓடும்போது எல்லோரும்தான் கத்திப் பேசணும். அங்கே எவனுக்கும் எதுவும் கேட்காது. மூணு நாள் தானும் எல்லோரையும் போல இருக்கலாம் என்று நினைத்தார், பாவம்.

படகு நல்லவாட்டுப் புகழேந்தியுடையது. சின்ன ஃபைபர் படகு. வயலில் தண்ணி இறைக்கிற அதே டீசல் இன்ஜினுக்குத்தான் இங்கே நீளமாக ஒரு வாலை மாட்டி, நுனியில் விசிறி வைத்திருக்கிறார்கள். இருபது வருஷமாக அதைப் பழுது பார்த்து, ஓட்டிக் காட்டி, படகு விடுவதும் வீரப்பனுக்குக் கைவந்துவிட்டது. இருந்தாலும் புகழேந்தி ஆயிரம் நிபந்தனை போட்டான். மிதவைச் சட்டையைக் கழற்றக் கூடாது, கரை கண்ணைவிட்டு மறையக் கூடாது, உச்சிவேளைக்கு மேல் காற்று எழும்புவதற்குள் ஒதுங்கிவிட வேண்டும். முதல் ராத்திரிக்கு வீராம்பட்டினத்தில் தன் சித்தி தையலம்மாள் வீடு, அடுத்ததற்குப் பிள்ளைச்சாவடியில் அக்கா காசம்மாள் வீடு என்று அவனே ஏற்பாடும் செய்தான்.

தை மாசக் கடைசி. அறுப்பு முடிந்து, அடுத்த பட்டத்துக்கு நாற்று விட்டிருந்த நேரம். நாலு பேர் சேர்ந்து படகை அலைக்குள் தள்ளிவிட்டார்கள். அம்சவள்ளி புடவைக்கு மேலே ஆரஞ்சு மிதவைச் சட்டையும், மகள் உஷாராணி கொடுத்த கூலிங்கிளாஸும் போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள். பக்கத்தில் புளிச்சோறு, அவித்த வேர்க்கடலை, தங்கப்போகிற வீடுகளுக்கு முருங்கைக்காய் ரெண்டு கட்டு. முதல் அலையில் ஐயோ என்றாள், ரெண்டாவதில் அம்மா என்றாள், மூணாவதில் சிரிக்க ஆரம்பித்தவள் பூரணாங்குப்பம் தாண்டும்வரை நிறுத்தவில்லை.

வீரப்பன் இன்ஜினை மெள்ள, நடக்கிற வேகத்துக்கு வைத்திருந்தார். எதிரே வலை எடுத்துவிட்டுத் திரும்பிய படகுக்காரர்கள் எல்லோரும் நிதானித்து எதையோ கேட்டுவிட்டுப் போனார்கள். இவர் பாட்டுக்குக் கையை ஆட்டினார். என்ன கேட்டார்கள் என்று அம்சவள்ளிதான் கத்திச் சொன்னாள். கடலில் இவ்வளவு மெதுவாக எவனும் போனதில்லையாம், இன்ஜின் கோளாறா, கயிறு போட்டு இழுக்கணுமா என்று கேட்டார்களாம். டூர் போறோம்னு சொல்லிட்டேன் என்றாள். மத்தியானம் கழிமுகத்து மணல் மேட்டில் ஒதுங்கிப் புளிச்சோறு சாப்பிட்டார்கள். தையலம்மாள் முருங்கைக்காயை வாங்கி வைத்துக்கொண்டு சங்கரா மீன் குழம்பு வைத்தாள். ரெண்டு பேரும் எட்டு மணிக்கே படுத்துத் தூங்கினார்கள். செல்போன் வாங்கிய நாளிலிருந்து அவர் அதைப் பார்க்காமல் தூங்கிய முதல் ராத்திரி அது என்று அம்சவள்ளி மறுநாள் சொன்னாள்.

மறுநாள் காலையில் புதுச்சேரி டவுன் எதிரே வந்தபோது கொஞ்சம் நிறுத்து என்றாள், அவர் இன்ஜினை அணைக்காமல் விசிறியை மட்டும் தண்ணிக்கு மேலே தூக்கினார். கரையில் கருங்கல் குவியல், அதற்குப் பின்னால் வரிசையாக வெள்ளைக் கட்டடங்கள், கைப்பிடிச் சுவரோரம் வேடிக்கை பார்க்கும் ஜனம். எத்தனையோ தடவை அந்தச் சுவரோரம் நின்று கடலைப் பார்த்தவள், இப்போது கடலிலிருந்து அவர்களைப் பார்த்துக் கையாட்டினாள். யாரோ ரெண்டு பேர் திருப்பி ஆட்டினார்கள். அவளுக்கு ஒரே குஷி.

அந்த நேரம் பார்த்து அவர் சட்டைப்பை நடுங்கியது. நெட்டப்பாக்கம் சிங்காரவேலு. கரண்ட் இல்லை, நாற்றங்காலுக்குத் தண்ணி இறைக்க ஆயில் இன்ஜினைப் போட்டால் நின்று நின்று போகிறதாம், ஸ்பீக்கரில் கேட்டு அம்சவள்ளி கத்திச் சொன்னாள். வீரப்பன் படகு இன்ஜினை அணைத்தார். அணைத்த கை, பழக்கதோஷத்தில் டீசல் குழாயின் டேப்பையும் மூடியது. வயலில் இன்ஜினை நிறுத்தினால் யாரும் அப்படித்தான் செய்வார்கள், இல்லாவிட்டால் ராத்திரியில் டீசல் சொட்டி வீணாகும். கடல்காரன் எவனும் மூட மாட்டான். அவசரத்துக்கு இழுத்துக் கிளப்பணுமே. வழக்கம்போலப் பரீட்சை நடந்தது, இழுத்து இழுத்து விடுது என்று அம்சவள்ளி சொன்னாள், ஃபில்டர் அடைச்சிருக்கு, கழற்றிக் கழுவிட்டுப் போன் பண்ணு என்று இவர் சொன்னார்.

படகு கிளம்பியது. குழாயில் மிச்சமிருந்த டீசலில் கொஞ்ச தூரம் ஓடியது. அப்புறம் அதன் சத்தம் மாறியது. மாறுது, மாறுது என்று அம்சவள்ளி முன்னாலிருந்து கத்தினாள். வீரப்பன் அவளைப் பார்த்துச் சிரித்துக் கையாட்டினார். இன்ஜின் ரெண்டு தடவை விக்கி, நின்றுபோனது.

காற்று கரைப்பக்கமாக அடித்துக்கொண்டிருந்தது. கருங்கல் குவியல் முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது. அம்சவள்ளி நங்கூரத்தைத் தூக்கிப் போட்டாள், அது மணலில் பிடிக்காமல் இழுத்துக்கொண்டே வந்தது. வீரப்பன் கயிறு சுற்றி இழுத்தார், இழுத்தார், கிளம்பவில்லை. வேர்த்துக் கொட்டியது. நிற்பதற்கு முன்னால் என்ன சத்தம் வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. வாழ்நாளில் முதல்தடவையாக ஒரு இன்ஜின் எதிரே குருட்டாம்போக்கில் உட்கார்ந்திருந்தார். ஸ்பானரை எடுத்து, டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டரைக் கழற்றப் போனார்.

அம்சவள்ளி தவழ்ந்து வந்து அவர் கையைப் பிடித்தாள். காதுக்குக் கிட்ட வாயை வைத்து, "அதத் தொடாத. டீசல் தீந்துபோன சத்தம் கேட்டுச்சு. டேப்பப் பாரு" என்றாள்.

பார்த்தார். மூடியிருந்தது. சின்னப் பிள்ளைகூடச் செய்யாத தப்பு. அதற்குமேல் அவருடைய கைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. டேப்பைத் திறந்து, திருகாணியைத் தளர்த்திக் குழாயிலிருந்த காற்றை வெளியேற்றி, நுரையில்லாமல் டீசல் வந்ததும் முறுக்கி, கயிற்றைச் சுற்றி ஒரே இழுப்பு. இன்ஜின் பிடித்துக்கொண்டது. அவள் நங்கூரத்தை இழுத்துப் போட, படகு கல்லைவிட்டு விலகி வடக்கே போனது. கைப்பிடிச் சுவரோரம் இருந்த ஜனம் வேறு இதெல்லாம் ஏதோ வித்தை என்று நினைத்துக் கைதட்டியது.

வைத்திக்குப்பம் தாண்டியதும் அவரே இன்ஜினை நிறுத்தினார். டேப்பைத் தொடவில்லை. தண்ணியைப் பார்த்தபடி, "எனக்குக் காது கேக்கலடி" என்றார்.

"தெரியும்."

"எப்பத்திலேந்து?"

"நீ மொத மொத பரீட்ச வெச்ச பாரு, அன்னிலேந்து."

அவர் தலை நிமிரவில்லை. அப்புறம் எதுக்கு ரெண்டு வருஷமாகச் சும்மா இருந்தாய் என்று கேட்டதற்கு, நீயாகச் சொல்லுவாய் என்று பார்த்தேன் என்றாள். இந்தப் படகு ஆசையும் அதனால்தான் வந்ததாம். "வூட்டுல உனக்குக் கேக்கற மாதிரி பேசினா, புருஷன் பொண்டாட்டி சண்டன்னு தெருவே எட்டிப் பாக்குது. மூணு நாளு மனசாரக் கத்திப் பேசணும்னு தோணுச்சுய்யா." சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது, அதைக் கூலிங்கிளாஸ் மறைத்தது. அவருக்கு மறைக்க ஒன்றுமில்லை, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ரெண்டு பேரும் ஒரே காரியத்துக்குத்தான் கடலுக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவருக்குச் சிரிப்பும் வந்தது.

மறுபடி போன் நடுங்கியது. சிங்காரவேலுதான், ஸ்பீக்கரைப் போட்டார். ஃபில்டரைக் கழுவியாயிற்று, இன்னும் ஏதோ ஒரு சத்தம் வருகிறதாம் என்று அம்சவள்ளி சொன்னாள். வீரப்பன் அவளிடம், நீ சொல்லு பாப்போம் என்று ஆரம்பிக்கப்போய், நிறுத்தினார். போனை வாய்க்கு நேரே வைத்துக்கொண்டார்.

"சிங்காரவேலு, ஒண்ணு சொல்றேன் கேளு. எனக்குக் காது போயி ரெண்டு வருஷம் ஆவுது. இன்ஜின் சத்தத்தக் கேக்கறது நான் இல்ல, அம்சவள்ளி. இத உங்கிட்ட மறச்சுட்டேன்."

சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். அம்சவள்ளி போனில் வந்ததைக் கேட்டாள். முதலில் திகைத்தாள், அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். குனிந்து அவர் காதோரம் சொன்னாள்: "அது ஊருக்கே தெரியும்ணேங்கறாரு. அதனாலதான அண்ணி பக்கத்துல இருக்காங்களான்னு கேட்டுட்டு இன்ஜின ஸ்டார்ட் பண்றோம்ங்கறாரு."

வீரப்பன் அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டார். மரியாதை தெரிந்த பசங்க! ரெண்டு வருஷம் தூக்கம் கெட்டு இவர் காப்பாற்றிய ரகசியத்தை நெட்டப்பாக்கம் முழுக்க இவரிடமிருந்து மறைத்துக் காப்பாற்றியிருக்கிறது. கோபம் வரப் பார்த்தது, வரவில்லை.

"அப்ப அவகிட்டயே கேட்டுக்க வேண்டியதுதான? எனக்கு இன்னாத்துக்குப்பா போன் பண்றீங்க?" என்று போனில் கத்தினார்.

பதில் வந்தது. அம்சவள்ளி மறுபடி குனிந்தாள்.

"கேக்கறது அண்ணி. எதக் கழட்டணும்னு சொல்றதுக்கு நீதானண்ணே வேணும்ங்கறாரு."

அவர் பேசாமல் இருந்தார். கேட்கவில்லையோ என்று அவள் இன்னும் கிட்ட வந்து, அதையே ஒரு வார்த்தை விடாமல் திரும்பச் சொன்னாள். முதல் தடவையே கேட்டுவிட்டது. இன்னொரு தடவை சொல்லட்டும் என்றுதான் அவர் பேசாமல் இருந்தார்.